முந்நூற்று அறுபது மூட்டுகளின் தர்மம்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் நிலவட்டுமாக.

கண்ணியத்திற்குரிய பெரியவர்களே, அன்புச் சகோதரர்களே, வீட்டிலிருந்து இதைப் படிக்கும் தாய்மார்களே!

மனிதனின் உடலில் முந்நூற்று அறுபது மூட்டுகள் இருக்கின்றன என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது. சூரியன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூட்டுக்காகவும் மனிதன் தர்மம் செய்யக் கடமைப்பட்டிருக்கிறான் என்று அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அந்தத் தர்மம் என்னென்ன என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் வரிசையாகச் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கிடையே நீதி செய்வது தர்மம். நல்ல வார்த்தை தர்மம். தொழுகைக்காக எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் தர்மம். ஒருவர் தன் வாகனத்தில் ஏற நாம் கை கொடுப்பதும், அவருடைய மூட்டையைத் தூக்கி வைப்பதும் தர்மம்.

இந்த ஹதீஸைப் பல தடவை கேட்டிருப்போம். நம்முடைய மூட்டுகள் வலிக்காமல் மடங்கி நிமிரும்வரை அதன் எடை நமக்குத் தெரிவதில்லை. விரலை மடக்கி ஒரு தம்ளரைப் பிடிக்க முடியாத காலை ஒன்று வரும்போதுதான், இத்தனை வருடம் கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய நிஃமத் என்று புரிகிறது. மூட்டு வீங்கி, உடம்பு இறுகி, நாள்பட்ட வலியோடு வாழும் முதியவர்களுக்கு மார்க்கம் என்ன சொல்கிறது, அவர்களைச் சுற்றியிருக்கும் நமக்கு என்ன சொல்கிறது என்பதைத்தான் இந்த ஜும்ஆவில் பார்க்கப் போகிறோம்.

நம் பகுதியில் இந்த வலி

திருவள்ளூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று நம் பகுதி முழுக்க உடலுழைப்பால் வாழ்ந்த மக்கள். சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையிலும் ரோலிங் மில்லிலும் இருபது, முப்பது வருடம் நின்றபடியே வேலை பார்த்தவர்கள் இன்று இந்த ஸஃப்புகளில் இருக்கிறார்கள். அப்படி உழைத்தவருக்கு முழங்கால் வலித்தால், வேலை செய்த உடம்பு, தேய்ந்து போயிருக்கும், வயசானால் எல்லாருக்கும் வருவதுதானே என்று முடித்துவிடுகிறோம்.

எல்லா வலியும் தேய்மானம் அல்ல. தேய்மானத்தால் வரும் வலி பெரும்பாலும் நடந்த பிறகு, ஏறி இறங்கிய பிறகு கூடும், உட்கார்ந்தால் குறையும். இன்னொரு வகை உண்டு. அதில் உடலின் எதிர்ப்பு சக்தியே தவறுதலாக மூட்டுகளைத் தாக்கி அழற்சியை உண்டாக்குகிறது. முடக்கு வாதம் என்று நாம் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் இந்த வகை. இதில் தூங்கி எழுந்ததும்தான் வலி உச்சத்தில் இருக்கும். விரல், மணிக்கட்டு, தோள், கணுக்கால் எல்லாம் இறுகிப்போய், அது இளக அரை மணி நேரம், ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அசைய அசைய வலி குறையும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

மூன்றாவதாக, நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஒன்று. 2006ஆம் வருடம் சிக்குன்குனியா வந்தது. அந்த ஒரு வருடத்தில் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் காய்ச்சல் இருந்ததாகக் கணக்கில் வந்தது. தமிழ்நாட்டில் தெருத் தெருவாக மக்கள் படுத்தார்கள். இதற்கு முன்பு 1964லேயே சென்னையிலும் வேலூரிலும் இது பரவியிருக்கிறது. ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் மக்கொண்டே மேட்டு நிலத்தில் 1952இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நோய் இது. அந்த மக்களின் மொழியில் சிக்குன்குனியா என்றால் வளைந்து மடங்கிப் போவது என்று பொருள். ருகூவில் இருப்பவர் போல நிமிர முடியாமல் மனிதன் வளைந்து நடப்பதைப் பார்த்து வைத்த பெயர். காய்ச்சல் சில நாட்களில் விட்டுவிடும். மூட்டுவலியோ சிலருக்கு மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் நீடிக்கும். வயதானவர்களுக்கு அப்படி நீடிக்கும் வாய்ப்பு அதிகம். அதனால்தான், "அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நான் பழைய ஆளா ஆகவே இல்ல" என்று சொல்கிற பெரியவர்களை இன்றும் பார்க்கிறோம்.

வெளியே வீக்கம் பெரிதாகத் தெரியாத நாட்களிலும் உள்ளே வலி இருக்கும். பத்து மணிக்கு மேல் நடமாடுகிறவரைப் பார்த்து, காலையில் மட்டும் எப்படி முடியாமல் போகும் என்று வீட்டிலேயே சந்தேகப்படுகிறார்கள். இந்த நோயின் இயல்பே அதுதான். அவர் நடிக்கவில்லை.

பொறுமை என்றால் வாயை மூடிக்கொள்வதா?

ஒரு பெரியவர், அறுபத்தைந்து வயதிருக்கும், ஒரு நாளும் பஜ்ர் ஜமாஅத்தை விடாதவர், திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். லுஹருக்கு வருவார், அஸருக்கு வருவார், பஜ்ருக்கு மட்டும் ஆளைக் காணோம். சோம்பல் வந்துவிட்டது என்று சிலர் பேசினார்கள். விசாரித்தபோது மெதுவாகச் சொன்னார். "ஹஜ்ரத், அந்த நேரத்துல உடம்பு துருப்பிடிச்ச தாழ்ப்பாள் மாதிரி கெடக்குது. கட்டில்ல இருந்து எறங்கவே அரை மணி நேரம் ஆகுது. வீட்ல சொல்லல. சொன்னா பொறுமை இல்லாதவன்னு ஆயிடுமேன்னு பயமா இருக்கு."

சகோதரர்களே, அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். வலியைச் சொன்னால் சப்ர் போய்விடும் என்று அவர் நம்பியிருக்கிறார். நம்மில் பலரும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை.

பொறுமைக்கு உதாரணம் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் அய்யூப் (அலை) அவர்கள் என்று சொல்லும். அந்த அய்யூப் நபி வாய் திறக்காமலா இருந்தார்கள்? தனக்குத் துன்பம் நேர்ந்துவிட்டது என்று தன் ரப்பை அழைத்து முறையிட்டதை அல்அன்பியா அத்தியாயம் 83ஆம் வசனம் சொல்கிறது. அப்படி முறையிட்டவரைத்தான், பொறுமையாளராகக் கண்டோம் என்று ஸாத் அத்தியாயம் 44ஆம் வசனத்தில் அல்லாஹ் புகழ்கிறான். முறையிட்டதால் அவர்களுடைய சப்ர் குறையவில்லை.

ஸகரிய்யா (அலை) அவர்கள் முதுமையில் துஆ கேட்கும்போது முதலில் எதைச் சொன்னார்கள்? மர்யம் அத்தியாயத்தின் ஆரம்பத்தைப் பாருங்கள். தன் எலும்புகள் பலம் இழந்துவிட்டதையும் தலை நரைத்துவிட்டதையும் சொல்லித்தான் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு நபி தன் எலும்பின் நிலைமையைத் தன் ரப்பிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அதெல்லாம் அல்லாஹ்விடம் சொன்னது, மனிதர்களிடம் சொல்லலாமா என்று கேட்கலாம். நாயகம் (ஸல்) அவர்கள் தனக்குத் தலை வலிக்கிறது என்று தன் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னது புகாரியில் இருக்கிறது. திரிகை சுற்றிச் சுற்றித் தன் கைகள் புண்ணாகிப் போன வேதனையைச் சொல்ல ஃபாத்திமா (ரலி) அவர்கள் தன் தந்தையின் வீட்டுக்கே நடந்து போனார்கள். தந்தை அப்போது வீட்டில் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். செய்தி கேட்டதும் நாயகம் (ஸல்) அவர்கள் அன்று இரவே மகளின் வீடு தேடி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, படுக்கைக்குப் போகும்போது ஓத வேண்டிய தஸ்பீஹைக் கற்றுக்கொடுத்தார்கள். உன் கைவலியை ஏன் வெளியே சொன்னாய் என்று அவர்கள் மகளைக் கடிந்துகொள்ளவில்லை.

அல்லாஹ்வின் விதியைப் பழித்துப் பேசுவதுதான் தடுக்கப்பட்டது. எனக்கு வலிக்கிறது, உதவி வேண்டும் என்று மனைவியிடமும் பிள்ளையிடமும் மருத்துவரிடமும் சொல்வது அனுமதிக்கப்பட்டது. சொல்லாவிட்டால் நோய் வளரும், மூட்டு கோணிப்போகும் என்றால் சொல்வதுதான் சரி.

வலியும் வீணாகப் போவதில்லை. காலில் குத்தும் ஒரு முள் உட்பட, ஒரு முஸ்லிமுக்கு வரும் எந்தத் துன்பத்தின் காரணமாகவும் அல்லாஹ் அவருடைய பாவங்களில் சிலவற்றை மன்னிக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. ஒரு முள்ளுக்கே இந்தக் கூலி என்றால், ஒவ்வொரு நாள் காலையிலும் பத்து விரலும் வலிக்க எழுகிற தாயின் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

மருத்துவம் தவக்குலுக்கு எதிரானதல்ல

உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், மருந்தில்லாமல் அல்லாஹ் எந்த நோயையும் வைக்கவில்லை, முதுமை ஒன்றைத் தவிர என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். முதுமைக்கு மருந்தில்லை. முதுமையில் வரும் நோய்க்கு மருந்து உண்டு. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். வயசாச்சு என்று சொல்லிவிட்டு, மருந்து இருக்கிற நோயையும் மருந்தில்லாத கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், கை கால் மூட்டுகளில் வீக்கம், இது ஆறு வாரம் தொடர்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். முடக்கு வாதத்தில் முதல் சில மாதங்கள் மிக முக்கியமானவை. சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு சிதைவதைப் பெருமளவு தடுக்க முடியும். சிதைந்த பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையிலும், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இதற்கென்றே ருமட்டாலஜி பிரிவு இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால் போய்விடலாம். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு செய்தி. குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, அந்தக் காப்பீட்டிலேயே வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவரும் அவர் மனைவியும் தொடர்ந்து இ.எஸ்.ஐ. மருத்துவம் பெறலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. உழைத்துச் சம்பாதித்த உரிமையைக் கேட்டு வாங்குவதில் எந்தக் கேவலமும் இல்லை.

மருந்து விஷயத்தில் சில எச்சரிக்கைகள். மருந்துக் கடையில் தானாக வாங்கி மாதக் கணக்கில் போடும் வலி மாத்திரை வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். இரண்டாவது, முடக்கு வாதத்துக்குக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. அதைத் தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும். மூன்றாவது, ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. நான்காவது, பெயரும் எழுத்தும் இல்லாத பொட்டலத்தில் தரும் பொடியைச் சாப்பிட்டு இரண்டே நாளில் வலி மாயமாகப் போனால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும்.

இதனால் யுனானி வேண்டாம் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். மூட்டுவலிக்கு சூரிஞ்சான் கிழங்கைப் பற்றி இப்னு ஸீனா எழுதியிருக்கிறார்கள். அதே செடி வகையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் என்ற மருந்தைத்தான் இன்றும் கீல்வாதத்துக்கு ஆங்கில மருத்துவர்கள் தருகிறார்கள். அளவு மீறினால் அதுவே விஷம். அதனால் முறையாகப் படித்த ஹகீமிடம் போங்கள். ராயபுரத்தில் மத்திய அரசின் யுனானி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. எந்த வைத்தியம் பார்த்தாலும், ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை மறைக்காமல் சொல்லுங்கள்.

மருந்தோடு துஆவும் சேரட்டும். உடலில் நீண்ட நாள் வலி இருப்பதாக உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) வந்து சொன்னபோது, வலிக்கும் இடத்தில் கையை வைத்து மூன்று முறை பிஸ்மில்லாஹ் சொல்லி, ஏழு முறை அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆவை ஓதும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது. அந்த துஆ தெரியாதவர்கள் தொழுகைக்குப் பிறகு வந்து கேட்டுப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

நாற்காலியில் தொழுகிறவரின் தொழுகை

நாற்காலி வைத்துத் தொழுவதற்குக் கூச்சப்பட்டே பள்ளிக்கு வராமல் இருப்பவர்கள் உண்டு. அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். கைபர் போர் நடந்த ஆண்டில் இஸ்லாத்துக்கு வந்தவர்கள். மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க உமர் (ரலி) அவர்களால் பஸ்ராவுக்கு அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்கு மூலநோய் இருந்தது. எப்படித் தொழுவது என்று கேட்டார்கள். நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். பிற்காலத்தில் இம்ரான் (ரலி) அவர்கள் வருடக் கணக்கில் படுத்த படுக்கையாக நோயில் இருந்ததை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்த நோயின்போது மலக்குகள் தனக்கு ஸலாம் சொன்னதாக அவர்களே சொன்னது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஒரு நோயாளி தன் வலியோடு போய்க் கேட்ட ஒரு கேள்வி, கியாமத் நாள்வரை வரும் எல்லா நோயாளிகளுக்கும் சட்டமாகிவிட்டது. அவர் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்திருந்தால்?

நாயகம் (ஸல்) அவர்களே குதிரையிலிருந்து விழுந்து விலாவில் அடிபட்டபோது உட்கார்ந்து தொழுதிருக்கிறார்கள். வயது ஏறியபோது இரவுத் தொழுகையில் உட்கார்ந்து ஓதினார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள்.

உட்கார்ந்து தொழுதால் கூலி பாதிதானே என்று கேட்பவர்கள் உண்டு. அது நிற்க முடிந்தும் உட்கார்ந்து நஃபில் தொழுகிறவருக்கு. தங்கடம் உள்ளவருக்கு அல்ல. ஓர் அடியான் நோயுற்றால், அவன் ஆரோக்கியமாக இருந்தபோது வழக்கமாகச் செய்துவந்த அமல்களின் கூலி அப்படியே எழுதப்படும் என்று அபூமூஸா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. முப்பது வருடம் பஜ்ர் ஜமாஅத்தை விடாத அந்தப் பெரியவருக்கு, நோயால் வீட்டில் தொழும் நாட்களிலும் அந்தக் கூலி எழுதப்படும் என்று நாம் ஆதரவு வைக்கிறோம்.

ஆனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நிற்பது, எது முடியாதோ அதற்கு மட்டும் சலுகை எடுப்பது என்பதுதான் பொது விதி. நிற்க முடியும், ஸுஜூது செய்ய முடியாது என்பவருக்கு ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் நுணுக்கமான வேறுபாடு உண்டு. உங்கள் நிலையைச் சொல்லி உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஜ்ருக்கு சிரமப்படுபவர்கள் முடிந்தால் பாங்குக்கு முக்கால் மணி நேரம் முன்பே விழித்து, படுக்கையிலேயே விரல், மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் என்று மெதுவாக அசையுங்கள். வெந்நீரில் கையை வைத்திருங்கள். ஒளூவும் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே செய்யலாம். குனிந்து காலைக் கழுவுவது சிரமம் என்றால், ஒளூவோடு தோல் காலுறை அணிந்து, ஊரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவு அதன்மேல் மஸஹு செய்துகொள்ளலாம். மற்றவர் தண்ணீர் ஊற்றி உதவுவதிலும் தவறில்லை. முகீரா (ரலி) தண்ணீர் ஊற்ற நாயகம் (ஸல்) அவர்கள் ஒளூ செய்திருக்கிறார்கள்.

ரமளானில் மருந்தை நிறுத்தி நோன்பு பிடித்து நோயைக் கூட்டிக்கொள்ள வேண்டாம். அல்பகரா 184, 185ஆம் வசனங்களில் அல்லாஹ் நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறான். மருந்தின் நேரத்தை மாற்ற முடியுமா என்று ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். இனி நோன்பு பிடிக்கவே முடியாது என்ற நிலையில் இருப்பவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவாக ஃபித்யா கொடுக்கலாம்.

மவுத்தைக் கேட்காதீர்கள்

அல்லாஹ் என்னை எடுத்துக்கொண்டால் தேவலை என்று வலி தாங்காமல் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த வார்த்தையின் பின்னால் இருக்கும் வேதனையை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கப்பாப் பின் அல்அரத் (ரலி) மக்காவில் இரும்புக் கொல்லராக இருந்தவர்கள். ஆலையில் நெருப்புக்கு முன்னால் நின்றவர்களுக்கு அந்தத் தொழில் தெரியும். ஈமான் கொண்டதற்காக அவர்கள் அனுபவித்த வேதனையின் தழும்புகள் முதுகில் கடைசிவரை இருந்தன. முதுமையில் கூஃபாவில் நோயுற்றபோது, அன்றைய சிகிச்சை முறைப்படி உடலில் ஏழு இடங்களில் சூடு போட்டிருந்தார்கள். நலம் விசாரிக்க வந்தவர்களிடம், மரணத்தைக் கேட்டு துஆ செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்காவிட்டால் நான் கேட்டிருப்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. எத்தனை பெரிய ஸஹாபியாக இருந்தாலும் வலியில் அந்த எண்ணம் வரலாம். வந்ததால் ஈமான் போய்விட்டது என்று பொருள் இல்லை. ஆனால் அந்த எண்ணத்தின் பின்னால் போகாமல், வந்தவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, நபியின் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் இப்படிச் சொன்னால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். வலிக்கும் மருந்து உண்டு, மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு. இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூட்டு நன்றாக இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

இப்போது முதலில் சொன்ன ஹதீஸுக்கு வருவோம். ஒவ்வொரு மூட்டுக்கும் தினம் ஒரு தர்மம் கடமை. முந்நூற்று அறுபது தர்மத்துக்கு எங்கே போவது? அபூதர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், முற்பகலில் தொழும் இரண்டு ரக்அத் லுஹா தொழுகை அதற்குப் போதுமாகும் என்று வருகிறது. இறுக்கம் குறைந்து உடம்பு இளகும் நேரத்தில் வரும் தொழுகை அது. நோயுள்ள பெரியவர்கள் அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

ஆரோக்கியமானவர்களுக்கு இன்னொரு வாசலையும் நாயகம் (ஸல்) அவர்கள் திறந்திருக்கிறார்கள். வாகனத்தில் ஏற்றிவிடுவதும் மூட்டையைத் தூக்கிக் கொடுப்பதும் மூட்டுகளுக்கான தர்மம் என்றார்கள். அதாவது என் முழங்கால் நன்றாக மடங்குகிறது என்றால், அதற்கான தர்மத்தை முழங்கால் மடங்காதவருக்குக் கொடுக்கலாம். அத்தாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடுவது, நன்னியின் மருந்து பாட்டில் மூடியைத் திறந்து வைப்பது, பக்கத்து வீட்டுப் பெரியவருக்காகத் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும்.

வீட்டில் விரல் வீங்கிய அம்மா இன்னும் மாவு பிசைந்துகொண்டும் துணி பிழிந்துகொண்டும் இருந்தால் அந்த வீட்டு ஆண்கள் எழ வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவினார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர் முதுமையை அடைந்தால் சீ என்றுகூடச் சொல்லக் கூடாது என்பது பனீ இஸ்ராயீல் அத்தியாயம் 23ஆம் வசனத்தின் கட்டளை. தினமும் இதே பாட்டுத்தானா என்று நாம் விடும் ஒரு பெருமூச்சும் அதில் அடங்கும்.

நைட் ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைகளுக்கும் உடம்பு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஒருவர் மீதே எல்லாச் சுமையையும் போடாமல் அண்ணன் தம்பி, மகள், மருமகன் எல்லாரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு ஒருவர், மருந்து வாங்க ஒருவர், வாரம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர்.

ஜமாஅத்துக்கும் கடமை உண்டு. ஒருவர் தொழுகையை நீட்டுவதால் என்னால் பஜ்ருக்கு வர முடியவில்லை என்று ஒரு மனிதர் வந்து சொன்னபோது நாயகம் (ஸல்) அவர்கள் என்றைக்கும் இல்லாத அளவு கோபப்பட்டார்கள். பின்னால் பலவீனரும் முதியவரும் வேலையுள்ளவரும் நிற்கிறார்கள், சுருக்கித் தொழ வையுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். இது இமாம்களுக்கு. நிர்வாகிகளுக்கு நான் கேட்பது சில சின்ன ஏற்பாடுகள். ஒளூ செய்யும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. உயரமான ஓர் இருக்கை. வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை. மேல்நாட்டு முறைக் கழிவறை ஒன்று. ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலிக்கு இடம். தண்ணீர்த் தொட்டியும் பழைய டயரும் கொசு வளர்க்காமல் மூடியிருக்கட்டும், ஏனென்றால் சிக்குன்குனியாவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது, பகலில்தான் கடிக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அத்தா, அம்மா, நன்னா, நன்னி யாராக இருந்தாலும், காலையில் எழுந்ததும் உடம்பு எப்படி இருக்கிறது, எவ்வளவு நேரம் வலிக்கிறது என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்பார்கள். இன்னொரு தடவை கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் முழுதாகக் கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக. வலியில் கழியும் அவர்களுடைய இரவுகளைப் பாவமன்னிப்பாகவும் தரஜாவாகவும் ஆக்குவாயாக. முதுமையில் எங்களைப் பிறருக்குப் பாரமாக்காதே, எங்கள் பெற்றோரை நாங்கள் பாரமாக நினைக்கவும் விடாதே. எங்கள் மூட்டுகளில் நீ வைத்திருக்கும் பலத்தை உன் அடியார்களுக்கு உதவுவதில் செலவிட தவ்ஃபீக் செய்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.